பரணில் கிடந்த ஈயச் சொம்பு

இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் அனுபவங்களை வாரம் தவறாமல் படிப்பவள் நான். நானும் எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, பேனாவை எடுத்து, வைத்துவிட்டேன். காரணம், நான் எழுத வேண்டியது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஈயச் சொம்பு இருந்தது. என் மாமியார் 1956-ல் கல்யாணமாகி வந்தபோது அவருடைய அம்மா கும்பகோணத்தில் வாங்கிச் சீரோடு வைத்துக் கொடுத்தது. எவர்சில்வர் வந்து, பித்தளை எல்லாம் பரணுக்குப் போன பிறகும் அந்தச் சொம்பு மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை. ரசம் என்றால் அதில்தான். அத்தை விறகடுப்பு ஓரத்தில், தணலில் வைத்து, நுரை கட்டி மேலே வரும்போது இறக்குவார். அந்த மணம் திண்ணை வரைக்கும் வரும்.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது சாதுவான பாத்திரம். ஆனால் காலியாக அடுப்பில் ஏறக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி, பாத்திரத்தை அதற்கு மேல் சூடேற விடாது. அதனால்தான் புளித் தண்ணீரையோ பருப்புத் தண்ணீரையோ ஊற்றிய பிறகே அடுப்பில் வைப்பது, தாளிப்பதைத் தனியாக இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுவது. நான் கல்யாணமாகி வந்த 1988-லேயே அத்தை இதைப் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

1994 ஐப்பசி. நாத்தனார் பிரசவத்துக்காக அத்தை திருச்சி போயிருந்தார். மழைக்காலம். கழுவிய சொம்பு ஈரமாக இருக்கிறதே, கேஸ் அடுப்பில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் புளித் தண்ணீர் ஊற்றலாம் என்று வைத்தேன். வாசலில் பையன் 'அம்மா'வென்று அலறினான். வழுக்கி விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். அவனைத் தூக்கி, துடைத்து, மருந்து போட்டுவிட்டு உள்ளே வந்தால், சொம்பு ஒரு பக்கமாகத் தொய்ந்து உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு விட்டுப்போய், பாதரசம் மாதிரி பளபளவென்று பர்னர் வழியாக ஒழுகியது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

ஆறின பிறகு கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். ஒரு பெரிய கட்டி, கொஞ்சம் சிதறல். பழைய துண்டில் முடிந்து, என் கல்யாணப் பெட்டியின் அடியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அத்தை வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

அத்தை வந்தார். மறுநாள் காலையிலேயே, "சொம்பு எங்கே?" என்றார். என் வாயிலிருந்து, "தெரியலையே அத்தை" என்று வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. அவர் கோபக்காரர்கூட இல்லை. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஏன் பயந்தேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக்காரர் சரியில்லை. அத்தை அவரிடம் கேட்டார். "கிணத்தடியிலே தேய்ச்சு, கவுத்து வெச்சேனே பெரியம்மா. சின்னம்மா எடுத்து உள்ளே வெச்சாங்க" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அத்தை அவரைத் திட்டவில்லை, திருடி என்று சொல்லவும் இல்லை. அந்த மாதம் முடிந்ததும் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "இனிமே மருமகளே பாத்துக்கறேங்கறா" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால், இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அக்கா பணத்தை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லை வழியாகப் போனார். அடுத்த மாதத்துக்குள் எங்கள் தெருவில் அவர் செய்துகொண்டிருந்த மற்ற இரண்டு வீடும் நின்றுபோயின. யார் என்ன சொன்னார்களோ!

வருஷங்கள் ஓடிவிட்டன. மாமனார் போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2024 பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, லீவில் வந்திருந்த என் பெண் அந்தத் துண்டு முடிச்சை எடுத்து, "என்னம்மா இது, கல்லு மாதிரி கனக்குது?" என்றாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, "பாட்டிகிட்ட சொல்லு. அதுக்கு முன்னாடி இதை எடுத்துட்டுக் கும்பகோணம் போலாம் வா" என்றாள்.

கடைக்காரர் எடை போட்டார். 610 கிராம். "பழைய ஈயம்தானே, எடைக்கு எடை கழிச்சுக்கிட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான், இதே ஈயத்தில்தான் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பின்னால் இருந்த பட்டறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெரியவர். கட்டியிலிருந்து வால் போல நீண்டிருந்த ஒரு மெல்லிய துண்டை என் காதருகே கொண்டுவந்து மெதுவாக வளைத்தார். 'கிறீச் கிறீச்' என்று நொறுங்குவது போல ஒரு சின்னச் சத்தம். "கேட்டுச்சா? சுத்த வெள்ளீயம். காரீயம் நிறையக் கலந்திருந்தா இந்தச் சத்தம் வராது" என்றார். (தோழிகளே, இது முக்கியம். காரீயம் விஷம். ஈயச் சொம்பு வாங்குவதாக இருந்தால் மலிவு பார்த்து ஏமாறாமல், நம்பகமான இடத்தில் கேட்டு வாங்குங்கள்.)

இரும்புக் கரண்டியில் போட்டுச் சூடு காட்டினார். முப்பது வருஷமாகக் கருத்துக் கிடந்தது மெல்லத் தளர்ந்து வெள்ளி போல ஆனது. மேலே மிதந்த பர்னர் அழுக்கையும் கசடையும் ஒதுக்கி எடுத்தார். அன்றைக்கு எந்தக் காட்சி என்னை நடுங்க வைத்ததோ, அதே காட்சி! என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குறைந்த எடைக்குக் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துத் தகடாக ஊற்றி, மரச் சுத்தியால் தட்டிச் செய்து வைப்பதாகவும், ஒரு வாரம் கழித்து வரும்படியும் சொன்னார்.

சொம்பு வந்தது. புத்தம் புதிதாக, பளபளவென்று. அத்தைக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி நினைவு தெளிவு. மடியில் வைத்துச் சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. வெகுநேரம் சொம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "சொம்பு போனா போறது" என்றார். அப்புறம், "அவளை நான்ல போகச் சொன்னேன். அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கணவர்தான், "இத்தனை வருஷம் கழிச்சு இது தேவையா?" என்று முணுமுணுத்தார். ஆண்களுக்கு எப்போதும் இதுதான்!

அந்த அக்கா இருக்கும் இடத்தைப் பூக்காரம்மாதான் விசாரித்துச் சொன்னார். குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில், மூத்த பெண் வீட்டில். சொம்பைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. நானும் தரையில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

"திருடினேன்னு யாரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லலைம்மா" என்றார். "சொல்லியிருந்தா, இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்." கீரையை ஆய்வதை நிறுத்தவே இல்லை. "அன்னிக்கு நீங்க தலையை நிமிந்து பாக்கலை. அப்பவே எனக்கு என்னமோ தெரிஞ்சுது."

நான் கொண்டு போன புடவையையும் பணத்தையும் அவர் தொடவில்லை. அவருடைய பெண்தான் புடவையை மட்டும் உள்ளே எடுத்து வைத்தாள். 'மன்னிச்சிட்டேன்' என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

கிளம்பும்போது, "அந்தச் சொம்பைக் காட்டுங்க" என்றார். கையில் வாங்கி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். "இது அது இல்லைம்மா. அதுக்கு இந்த இடத்திலே ஒரு நசுங்கல் இருக்கும். கட்டை விரல் சரியா உக்காரும். நாந்தானே தெனம் தேய்ச்சேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறு வருஷம் அந்தச் சொம்பில் ரசம் வைத்தவள் நான். அப்படி ஒரு நசுங்கல் இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். "அவளுக்கு அது ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு அவரே சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில், கிணற்றடியில் சொம்பு கை நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்ததாம். மாமியார் பார்த்துவிடுவாரே என்று அந்த நசுங்கலை எப்போதும் சுவர்ப் பக்கமாகத் திருப்பியே வைத்தாராம். யாரும் கண்டுபிடிக்கவே இல்லையாம். சொல்லும்போது சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "அந்த ஊருக்கு ஆட்டோ போகுமா?"

"போகும் அத்தை. ரோடு கொஞ்சம் மேடு பள்ளம்."

"பரவாயில்லை. நாளைக்குக் காலையிலே வரச் சொல்லு. நீ வர வேண்டாம். பேத்தியைக் கூட்டிட்டுப் போறேன்."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை.