முதல் சவரக்கத்தி: வாங்குமுன் தெரிந்து கொள்ள வேண்டியவை

மளிகைக் கடை என்றால் கல்லாவுக்கு மேலே பிளேடு அட்டை தொங்க வேண்டும். ஒரு பக்கம் ஷாம்பு சரம், மறுபக்கம் பிளேடு அட்டை. இது நம் கடைகளின் வழக்கம். அந்தப் பிளேடு வருவதற்கு முன்னால் இருந்த சரக்குதான் சவரக்கத்தி. மடக்கினால் பிடிக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும் அந்த முழுக்கத்தியை நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்போம். இளைஞர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை.

ஆனால் இப்போது அதைக் கேட்டு வருகிறவர்கள் அந்த இளைஞர்களே. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தில் நாலு பேர், தென்காசிக் கடைத்தெருவில் நின்று, “அண்ணாச்சி, அந்தக் காலத்துச் சவரக்கத்தி கிடைக்குமா?” என்று விசாரிக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கத்தியைக் கொண்டு வந்து, “இதைத் தீட்ட முடியுமா?” என்று கேட்கிறார்கள். “தெரியாது” என்று சொல்லி அனுப்புவது சுலபம். கையில் அகப்பட்டதைத் தள்ளி விடுவது அதைவிடச் சுலபம். கழுத்தில் வைக்கிற பொருள் என்பதால் இரண்டும் சரியில்லை. நம் உறுப்பினர்கள் விவரம் அறிந்து பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கத்தி போய் பிளேடு வந்த கதை

1903-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தேய்ந்தால் தூக்கிப் போடும் பிளேடு போட்ட ரேஸரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். முதல் ஆண்டில் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. நம் கடையில் ஒரு புதுச் சரக்கு ஓராண்டில் 51 உருப்படிதான் போயிற்று என்றால், கம்பெனி ஏஜெண்டைக் கூப்பிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பி விடுவோம். அடுத்த ஆண்டே 90,000 ரேஸருக்கு மேல் விற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே ரேஸர் வாங்கிக் கொடுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கத்தியைத் தொடவில்லை.

நம் நாட்டில் வீட்டுச் சவரம் பிளேடுக்கு மாறிய பிறகும், முடிதிருத்தும் தொழிலாளர் கையில் கத்தி நெடுங்காலம் இருந்தது. அவர்களுடைய பைக்கு அடைப்பம் என்று பெயர். கத்தி, கத்தரி, தீட்டுக்கல், கிண்ணி, கண்ணாடி எல்லாம் அதற்குள் அடங்கும். கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அந்தக் கைகளே செய்தன. வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயர் அச்சமூகத்துக்கு வந்தது அதனால்தான்.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த விழிப்புணர்வில் சலூன்கள் ஒவ்வொன்றாக மாறின. கத்தி வடிவத்திலேயே ஒரு பிடி, அதில் பாதியாக உடைத்த பிளேடு, ஆளுக்கு ஒன்று. இது நல்ல மாற்றம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்புக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்தில்கூட, ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே முழுக்கத்தி கேட்டு வருகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை இது: ஒரு கத்தி, ஒரு முகம். அப்பா கத்தியை மகன் எடுத்துக் கொண்டால், பிறகு அது மகனுக்கு மட்டும்தான்.

எதைப் பார்த்து வாங்குவது?

சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். 4/8 முதல் 7/8 வரை பரவலாக உண்டு. முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். அதாவது 16 மில்லிமீட்டரிலிருந்து 19 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் நுரையைத் தாங்காது. கூடினால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் இருக்காது.

கத்தியின் முனை மூன்று விதம்: வட்டமாக மழுங்கியது, சதுரமாகக் கூர்மையாக நிற்பது, சரிந்து இறங்குவது. புதியவருக்கு வட்ட முனைதான். சதுர முனை காது மடலைப் பதம் பார்த்து விடும்.

அடுத்தது வயிறு. கத்தியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குடையப்பட்டிருக்கும். நன்றாகக் குடைந்த கத்தி லேசானது, தீட்டுவது எளிது. குடையாமல் ஆப்பு மாதிரி இருக்கும் கத்தியில் கல்லில் உரச வேண்டிய இரும்பு அதிகம். புதியவர் கைக்கு அது ஆகாது.

இரும்பில் கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூர் ஏறும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்குத் தாங்கும், தீட்டக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டிலும் நல்ல சரக்கு உண்டு, போலியும் உண்டு. இன்று சல்லிசான விலைக்கு வருகிற பளபளப்பான கத்திகளில் பல, கத்தி உருவத்தில் செய்த தகடுகள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து உறுதியேற்றும் வேலை அவற்றில் சரியாக நடப்பதில்லை. எத்தனை மணி நேரம் தீட்டினாலும் கூர் நிற்காது.

பழைய கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன் ஆகிய ஊர்ப் பெயர்களைக் காணலாம். ஸோலிங்கன் என்ற பெயரை அந்த வட்டாரத்தில் செய்த கத்திகளுக்கு மட்டுமே பொறிக்கலாம் என்று ஜெர்மனியில் 1938-லேயே சட்டம் வந்து விட்டது. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் வெறுமனே ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்று அச்சடித்திருப்பதற்கு அந்த மதிப்புக் கிடையாது.

கையில் வந்த கத்தியைச் சோதிக்க நம் கடையிலேயே கருவி இருக்கிறது. கல்லா மேஜைக் கண்ணாடியின் மேல் கத்தியை மெதுவாகப் படுக்க வையுங்கள். முதுகும் விளிம்பும் முழு நீளத்துக்கும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஆட்டம் கண்டால் கத்தி முறுக்கிக் கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கி விடலாம். மடக்கும்போது விளிம்பு பிடியின் பக்கங்களில் உரசாமல் நடுவே இறங்குகிறதா என்று பாருங்கள். முதுகில் மேல்துரு இருந்தால் பாதகமில்லை. விளிம்பில் துரு அரித்த குழியோ, முடியளவு விரிசலோ இருந்தால் தாத்தா கத்தியானாலும் நினைவுக்காக வைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

தீட்டும் முறை

தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், சவரக்கத்தியைக் கொடுக்கவே கூடாது. பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்து விடும். நீலம் பாய்ந்த இரும்பு உறுதி இழந்த இரும்பு.

இந்தக் கத்தியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்பதை முதுகின் தடிமனே முடிவு செய்து விடுகிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தீட்டினால், விளிம்பின் கோணம் சுமார் 16 டிகிரி வரும். அடுக்களைக் கத்திக்கு இதில் இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே விதி ஒன்றுதான்: கல்லில் போகும்போது முதுகைத் தூக்கவே கூடாது.

கற்களுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூடப் பொடி நைசாகும். நம் பாஷையில் 1000 நம்பர் ரவை, 8000 நம்பர் மைதா. மழுங்கிய கத்திக்கு 1000-இல் தொடங்கி, 4000, 8000 என்று போக வேண்டும். கீழ்ப் படியில் வேலை முடியாமல் மேல் படிக்குப் போனால் பயனில்லை. கல்லும் மட்டமாக இருக்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புக் காகிதத்தில் நனைத்துத் தேய்த்தால், கோடு அழியாத இடம் பள்ளம் என்று தெரிந்து விடும். எல்லாக் கோடும் அழியும் வரை தேய்க்க வேண்டும்.

கத்தியைப் படுக்க வைத்து, விளிம்பு முன்னே செல்லும்படி தள்ளுங்கள். திரும்பும்போது முதுகின் மேல் புரட்டி, மறுபக்கத்தை அதே போல் இழுங்கள். அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். கல்லின் அகலம் கத்தி நீளத்துக்குக் குறைவாக இருந்தால், அடியிலிருந்து நுனிக்குச் சாய்வாகக் கொண்டு போக வேண்டும். எல்லா இடமும் படுகிறதா என்று அறிய, மூட்டையில் பெயர் எழுதும் மார்க்கரால் விளிம்பு ஓரத்தைக் கறுப்பாக்கி, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை போகாத இடத்தில் கல் படவில்லை.

கல் வேலை முடிந்ததும் தோல் வார். முதலில் கித்தானில் முப்பது இழுப்பு, பிறகு தோலில் ஐம்பது. இங்கே திசை மாறுகிறது. கல்லில் விளிம்பு முன்னே. வாரில் முதுகு முன்னே. மாற்றி இழுத்தால் ஒரே இழுப்பில் வாரும் போகும், கூரும் போகும். அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் சவரத்துக்கு நடுவே உள்ளங்கையில் நாலு முறை தடவி எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். அது நாற்பது வருடப் பழக்கத்தின் கை. நாம் செய்து பார்க்கக் கூடாது. கையில் உள்ள மயிரைத் தோலில் படாமல், மேலாக வெட்டினால் கத்தி தயார்.

ஒருமுறை ஒழுங்காகத் தீட்டிய கத்தியை, ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வாரில் இழுத்து வந்தால், சில மாதம் கல் பக்கம் போக வேண்டியதில்லை. ஆகவே புதியவர் முதல் தீட்டலைத் தெரிந்தவரிடம் கொடுத்து விட்டு, வார் இழுக்கும் பழக்கத்தை முதலில் கற்பதே முறை.

சாரல் காலத்துக் கவனம்

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து வீட்டுத் துணியே காயாது. கார்பன் ஸ்டீல் கத்தி அந்த ஈரத்தில் ஒரே இரவில் பழுப்புப் பூக்கும். சவரம் முடிந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, காற்றாட வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவ வேண்டும். குளியலறையில் வைக்கக் கூடாது. கடைக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: உப்பு மூட்டை இருக்கும் அறையில் கத்தி இருக்கவே கூடாது.

முகத்தில் வைக்கும் முன்

வெந்நீரில் முகம் நனைத்து, பிரஷ்ஷால் நன்றாக நுரை ஏற்றி, தோலை இழுத்துப் பிடித்து, சுமார் 30 டிகிரி சாய்வில், மயிர் வளர்ந்த திசையிலேயே இறக்க வேண்டும். முதல் வாரம் கன்னம் இரண்டும் போதும். தாடையும் கழுத்தும் பழைய ரேஸருக்கே இருக்கட்டும். காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிற அவசரத்தில் பழக வேண்டாம். விடுமுறை நாளில் பழகலாம். கத்தி கை தவறினால் பிடிக்கப் போகாமல் விலகி நிற்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த ஆசையை விட்டு விடுவது நல்லது. நம் வணிகர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறு கீறலுக்கு நம் கடைப் படிகாரக் கல்லை நனைத்து ஒற்றினால் ரத்தம் நிற்கும்.

வியாபாரக் கணக்கு

கத்தி வாங்கினால் பிளேடு செலவு மிச்சம் என்று சொல்லி விற்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேடு மூன்று ரூபாய், நாலு சவரம் வருகிறது என்று வைத்துக் கொண்டால், தினம் சவரம் செய்கிறவருக்கு வருடத்துக்கு 91 பிளேடு, 273 ரூபாய். கத்தி, கல், வார் எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப இருபத்திரண்டு வருடம் ஆகும். ஆகவே சிக்கனம் என்று சொல்லி விற்பது நியாயமில்லை. ஒரு கருவியை ஆயுள் முழுக்கப் பேணும் திருப்திக்காகவும், பிளேடு குப்பை சேராமலிருக்கவும் வாங்குகிறவர் வாங்கட்டும். அவருக்கு நல்ல சரக்கைக் காட்டுவதே நம் வேலை.

இந்தக் கத்தியை வாங்கி அடுக்கி வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கேட்டால் வரவழைத்துக் கொடுக்கும் சரக்கு இது. சிறுவர் கைக்குக் கொடுக்கக் கூடாது. படிகாரம், சவர சோப்பு, பிரஷ் ஆகியவை ஓடும் சரக்கு. அவற்றை முன்னால் வைக்கலாம்.

இன்னொரு காரியமும் நம்மால் ஆகும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊரானாலும், முழுக்கத்தி பிடித்துப் பழகிய முதிய தொழிலாளர் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் அவர் நம் கடையின் கணக்கு நோட்டில் பெயர் உள்ளவராகவே இருப்பார். கத்தியோடு வருகிற பையனை அவரிடம் அனுப்புங்கள். தீட்டிக் கொடுக்கவும் கற்றுக் கொடுக்கவும் உரிய கூலியை முன்னாலேயே பேசிக் கொடுங்கள். சும்மா சொல்லிக் கொடுக்கச் சொல்வது மரியாதையில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத பக்குவம் அந்தக் கையில் இருக்கிறது. அவர் இருக்கும்போதே நாலு இளைஞர்கள் கற்றுக் கொண்டால், அது நம் வட்டாரத்துக்கு லாபம்.