டன்லப் ஸ்திரீட்டிலிருந்து அலைப் பாறைக்கு

ஓட்டுநர் உரிமம் வாங்கி 14 மாதங்கள் ஆகியிருந்தும் நான் வண்டி ஓட்டியது மொத்தம் நான்கே முறைதான். அதற்குக் காரணம் டன்லப் ஸ்திரீட்.

அப்பா லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைகளுக்குப் பொருள் விநியோகம் செய்கிறார். மூன்றாவது முயற்சியில் நான் செய்முறைத் தேர்வில் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தம்முடைய வேன் சாவியை என்னிடம் நீட்டினார். ஞாயிறு மாலை அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடைபாதை போதாமல் மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். ஒருவழிப் பாதை, இரு பக்கமும் வண்டிகள். கிளட்சை அவசரமாக விட்டேன், இயந்திரம் நின்றது. மீண்டும் கிளப்பினேன், மீண்டும் நின்றது. பின்னால் மூன்று வண்டிகள் ஹார்ன் அடித்தன. அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். நான் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தேன். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால், சென்ற செப்டம்பர் விடுமுறையில் பெரியம்மா மகள், தம்பி, நான் மூவரும் பெர்த் போனபோது நான் ஓட்டுவதாகத் திட்டமே இல்லை. அக்கா பத்து ஆண்டுகளாக ஓட்டுபவர். வாடகைக் காருக்கு ‘இரண்டாவது ஓட்டுநர்’ என்று என் பெயரைப் பேச்சுக்குத்தான் கொடுத்தோம். உரிமம் பெற்று ஓராண்டு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள், முடிந்திருந்தது. 25 வயதுக்குக் குறைவு என்பதால் கூடுதல் கட்டணமும் கேட்டார்கள். வீண் செலவு என்று முணுமுணுத்தபடி கட்டினோம். நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுப்பயணிகள் அதை வைத்தே அங்கு ஓட்டலாம். சாலையிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான்.

இரண்டாம் நாள் படியில் இறங்கும்போது அக்காவின் வலது கால் பிசகியது. மறுநாள் காலை கணுக்கால் வீங்கியிருந்தது. அன்றுதான் ஹைடன் என்ற சிற்றூரில் உள்ள அலைப் பாறையைப் பார்க்கப் போவதாக இருந்தோம். பெர்த்திலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர்.

“நீ ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்,” என்றார் அக்கா.

“அம்மாகிட்ட சொல்லவா?” என்றான் தம்பி.

“வாயை மூடுடா.”

வாடகை நிலையத்தில் சாவி தந்த பெண் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். ஒன்று, இருட்டிய பிறகு நகரத்துக்கு வெளியே அந்தக் காரை ஓட்டக்கூடாது. அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டு, கங்காரு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதே, நேராக வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்து. கங்காருவைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதுவதும் கவிழ்வதும்தான் பெரிய ஆபத்து என்றார். அப்போது பின்னால் நின்று நான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். அங்கே ஊர் எல்லை தாண்டியதும் 110. நடுவில் தடுப்பு இல்லை, ஒரு கோடுதான். எதிரே வரும் வண்டியும் அதே வேகத்தில் வருகிறது. முதல் அரை மணி நேரம் என் கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தன. 80க்கு மேல் போகவில்லை. பின்னால் வண்டி சேர்ந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி வழிவிட்டேன். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. கடந்துபோகும்போது ஒருவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அது நன்றி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புரூக்டன் நெருங்கும்போது முன்னால் ஒரு ‘ரோடு டிரெயின்’. இழுவண்டிகள் கோத்த லாரி. அந்த மாநிலத்தில் 36.5 மீட்டர் நீளமானவை சாதாரணம். நம் ஈரடுக்குப் பேருந்து மூன்றை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவு நீளம் வரும். “முந்திப் போக்கா,” என்று தம்பி நச்சரித்தான். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிப்பவன் என்பதால் கணக்கை அவனிடமே கொடுத்தேன்.

லாரி 90இல் போகிறது, நாங்கள் 110இல் போகலாம். வேக வேறுபாடு மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரியின் நீளத்தோடு முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 மீட்டர். அதைக் கடக்க 18 நொடி ஆகும். அந்த 18 நொடியில் எங்கள் கார் 550 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒருவர் 110இல் வந்தால் அவரும் 550 மீட்டர் நெருங்கியிருப்பார். ஆக, 1.1 கிலோமீட்டருக்குச் சாலை வெறுமையாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும். மேடும் வளைவுமாக இருந்த அந்தச் சாலையில் 300 மீட்டருக்கு மேல் தெரியவில்லை. கணக்கை முடித்தவன் பிறகு வாய் திறக்கவில்லை. கூடுதல் தடம் வரும்வரை லாரிக்குப் பின்னாலேயே போனோம்.

கோரிகின் என்ற ஊருக்கு முன் சாலையோரத்தில் நாய்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் பொறித்த கற்கள், சில கற்களின்மேல் பொம்மைகள். கை உதறலைப் போக்கத்தான் அங்கே நிறுத்தினேன், அரை மணி நேரம் இருந்துவிட்டோம். அதன் பிறகு இரு பக்கமும் மஞ்சள் கனோலா வயல். கடுகின் உறவுப் பயிர் அது. கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தது நல்லதாயிற்று.

நான்கு மணி நேரப் பயணத்தை ஐந்தரை மணி நேரத்தில் முடித்தேன்.

பாறை ஏறத்தாழ 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம். ஐந்து மாடி வீவக புளோக் ஒன்று கடலலையாகிச் சுருண்டு, நம்மேல் விழப்போகும் நொடியில் உறைந்ததுபோல் நிற்கிறது. கடலோ வெகு தொலைவில். கருங்கல்லின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். காற்று செதுக்கியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வளைவு மண்ணுக்கு அடியில் உருவானது. பாறையில் வழிந்த மழைநீர் அடிவாரத்து ஈர மண்ணில் தேங்கி, கல்லை மெல்ல மெல்ல அரித்தது. பிற்காலத்தில் மண் கரைந்து போக, குடையப்பட்ட பக்கம் வெளியே வந்தது. மேலிருந்து வழியும் நீர்தான் கறுப்பும் செம்மஞ்சளுமாகக் கோடுகள் போட்டிருக்கிறது. அங்குள்ள நூங்கார் பழங்குடி மக்களுக்கு இது ‘கட்டர் கிச்’.

எனக்கு அலையைவிட மேலே இருக்கும் சிறு சுவர்தான் பிடித்தது. படத்துக்கு அழகில்லை என்று பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். 1928இல் மழைநீரைத் திருப்பி நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகக் கட்டியது அது. பாறையையே நீர்ப்பிடிப்புப் பகுதியாக்கிவிட்டார்கள்! சொட்டு நீரையும் சேமிக்கப் பழகிய நமக்கு அந்தச் சுவர் அந்நியமாகத் தோன்றாது.

நான்கரை மணிக்குத்தான் சண்டை தொடங்கியது. பெர்த்தில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, கிளம்பலாம் என்றார்கள் இருவரும். ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், நான் ஓட்ட மாட்டேன் என்றேன்.

“பயந்தாங்கொள்ளி,” என்றான் தம்பி.

“ஆமாம்.”

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நொண்டியபடியே போய்ப் பாறைக்கு அருகிலிருந்த கேரவன் பூங்காவில் அறை கேட்டார். இரட்டைச் செலவு. அன்றிரவு தம்பி என்னிடம் பேசவில்லை. ஆனால் வெளியே போய் வானத்தைப் பார்த்தவன், அரை மணி நேரம் உள்ளே வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகே கிளம்பினோம். முதல் 20 கிலோமீட்டருக்குள் சாலையோரத்தில் மூன்று கங்காருகள் செத்துக் கிடந்தன. நான்காவது உயிரோடு இருந்தது. இடப்பக்கப் புதரிலிருந்து ஒரே தாவலில் சாலை நடுவே வந்து நின்றது. கைகள் தாமாகவே வலப்பக்கம் ஒடிக்கத் துடித்தன. நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். கார் நின்றபோது அது பத்தடி தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் போனது. காரில் யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துப் பின்னாலிருந்து தம்பி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினான்.

சிங்கப்பூர் திரும்பிய அடுத்த ஞாயிறு மாலை அப்பாவிடம் நானாகவே சாவி கேட்டேன். டன்லப் ஸ்திரீட்டில் அதே கூட்டம். பாதி வழியில் வேன் நின்றது, பின்னால் ஹார்ன் ஒலித்தது. அப்பாவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

“இருங்கப்பா,” என்றேன். கிளட்சை மிதித்து மறுபடி சாவியைத் திருப்பினேன்.