வேதாள் மலையின் வெட்டுக்காயம்

புனே நகரின் மேற்கில் பாஷாண் என்று ஒரு புறநகர். தமிழில் விஷத்தைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கு அங்கே கல் என்று பொருள். பெயரில் தவறில்லை. அருகில் எழும் வேதாள் டேக்டி முழுக்க முழுக்கப் பாறைதான். டேக்டி என்றால் மராத்தியில் குன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 அடி. நகர எல்லைக்குள் இதைவிட உயரமான இடம் கிடையாது. உச்சியில் வேதாளுக்குக் கோயில். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய அதே வேதாளம், இங்கே காவல் தெய்வம்.

இந்த மலையின் மேல்தான் இருக்கிறது கைவிடப்பட்ட கல் குவாரி. மகாராஷ்டிரத்தில் நிலக்கரி வேண்டுமென்றால் நாக்பூர், சந்திரபூர் பக்கம் போக வேண்டும். புனேயின் அடியில் இருப்பது சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறை. எட்டாம் நூற்றாண்டின் பாதாளேஸ்வர் குடைவரைக் கோயிலைக் குடைந்ததும் இதில்தான். ஊர் பெருத்தபோது வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி தந்ததும் இதுதான்.

உளியும் சம்மட்டியும் மகாராஷ்டிரத்தில் வடார் சமூகத்தின் பரம்பரைச் சொத்து. தமிழ்நாட்டின் ஒட்டர், போயர் சமூகத்தினருக்கு உறவுக்காரர்கள். இன்னும் பலர் வீட்டில் பேசுவது ஒருவகைத் தெலுங்கு. அம்மியும் திரிகையும் கொத்தித் தந்தவர்கள். நகரம் நெருங்க நெருங்கக் கல்லுடைப்பு கிழக்கே வாகோலி பக்கம் பெருகியது. அங்கே குவாரித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 'சந்துலன்' அமைப்பு 1997இல் தொடங்கிய பள்ளிகளுக்குப் பெயர் 'பாஷாண் ஷாலா'. மலையைப் பற்றிய பேச்சில் இவர்கள் அதிகம் இடம்பெறுவதில்லை என்பது வேறு விஷயம்.

வெடிச் சத்தம் ஓய்ந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. பறவைகள் வந்தன. மலையில் மயில்கள் அகவுகின்றன. காலையில் ஓடவும் நடக்கவும் வருகிறவர்களுக்கு இது குவாரி அல்ல, குளம்.

பிறகு வந்தது சாலைப் பிரச்சினை. பால்பாரதியிலிருந்து பௌட் பாட்டாவுக்கு மலைச் சரிவில் ஒரு சாலை, மலையைக் குடைந்து சுரங்கப் பாதைகள் என்று மாநகராட்சி திட்டம் போட்டது. நெரிசலில் சிக்கித் தவிக்கும் கோத்ரூடுக்கு இதனால் நிம்மதி என்பது அதன் வாதம். அந்த நெரிசல் பொய்யல்ல. ஆனால் 2023 ஏப்ரலில் பெருந்திரளான புனேவாசிகள் மலையைக் காப்பாற்றச் சொல்லி ஊர்வலம் போனார்கள்.

மரங்களுக்காக மட்டுமல்ல, தண்ணீருக்காகவும் அவர்கள் கவலைப்படுகிறார்கள். எரிமலைப் பாறையில் எல்லா அடுக்கும் ஒன்றல்ல. கெட்டியான அடுக்கில் நீர் நிற்கும். விரிசல் விட்ட, உளுத்த அடுக்கில் இறங்கும். மலைமேல் பெய்யும் மழை இப்படித்தான் கீழே உள்ள கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் போகிறது. மலையை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதே, இன்னொரு துளை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாரி மேலே திறந்த பாத்திரம். நீரைப் பிடித்து வைக்கிறது. சுரங்கப் பாதை அடுக்குகளின் குறுக்கே போகிற குழாய். அதற்குள் கசிந்து வரும் நீரைப் பாதை கட்டுகிறவர்கள் வடிகால் வைத்து வெளியேற்றத்தான் செய்வார்கள்.