‘பாய்காட்’ என்றால் என்ன? வணிகர்கள் அறிய வேண்டிய ஒரு சொல்



சங்கக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘பாய்காட்’. ஒரு கம்பெனி கமிஷனைக் குறைத்தால், “அந்தச் சரக்கைப் பாய்காட் செய்வோம்” என்கிறோம். வரி உயர்வை எதிர்த்து ஒருநாள் கடையடைத்தால் அதையும் ‘பாய்காட்’ என்கிறோம். சுமை தூக்கும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு லாரியில் கை வைக்காமல் நின்றாலும் அதே சொல்தான். மூன்றும் ஒன்றல்ல. முதலாவதற்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். தீர்மானத்திலும் சுற்றறிக்கையிலும் சொல் தவறினால் வம்பு தேடி வருகிற காலம் இது. ஆகவே இச்சொல் எங்கே பிறந்தது, எதைக் குறிக்கிறது, எந்த எல்லைவரை நமக்கு உதவும் என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு மனிதரின் பெயர்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்தின் பழைய தொடக்க ஆட்டக்காரர் ஜெஃப்ரி பாய்காட்டின் பெயர் நினைவுக்கு வரும். ஆம், பாய்காட் என்பது ஒரு குடும்பப் பெயர்தான். அந்தப் பெயரைச் சொல்லாக்கியவர் இவரல்லர். சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் என்ற வேறொருவர். 1832ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், சில காலம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அயர்லாந்தில் குடியேறினார். ஊரார் இவரைக் ‘கேப்டன்’ என்றே அழைத்தனர். மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபு என்ற பெரும் நிலக்கிழாருக்கு இவர் காரியஸ்தர். குத்தகை வசூல்தான் இவருடைய முக்கிய வேலை.

1879ல் அங்கே விளைச்சல் பொய்த்தது. அந்த ஆண்டு குத்தகை விவசாயிகளுக்காக நிலச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு எர்ன் பிரபுவின் குத்தகைதாரர்கள் வாரத்தில் நூற்றுக்கு 25 குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. வாரம் கட்டாதவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற நோட்டீசு கொடுக்க ஏற்பாடு ஆனது.

இதற்குச் சில நாள் முன்பு, 1880 செப்டம்பர் 19ஆம் தேதி, நிலச் சங்கத் தலைவர் பார்னெல் என்னிஸ் என்ற ஊரில் பேசினார். ஒருவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் போட்டிக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். “சுட்டுத் தள்ளு” என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல். வீதியிலும் கடையிலும் சந்தையிலும் அவனோடு யாரும் பேசாமல், கொடுக்கல் வாங்கல் வைக்காமல் தனியே விட்டுவிடுங்கள் என்பதே அவர் சொன்ன யோசனை.

அந்த யோசனை காரியஸ்தர் பாய்காட்டின்மேல் பாய்ந்தது. பண்ணையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். கொல்லன் லாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்கவில்லை. பக்கத்து ஊரான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சரக்கு கொடுக்கவில்லை. கையில் காசு இருந்தும் ரொட்டி வாங்கக் கடை இல்லை என்ற நிலைமைக்கு ஒரு பெரிய வீடு வந்துவிட்டது.

பயிரை அறுக்க ஆள் இல்லாமல், நவம்பரில் வடபகுதியிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீசாரும்! சுமார் 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுன் செலவு என்று அப்போது கணக்கிட்டார்கள். முதலைவிட இருபது மடங்கு செலவு வைக்கும் வியாபாரத்தை எந்த வணிகரும் செய்ய மாட்டார். அறுவடை முடிந்ததும், நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறினார்.

கடைக்காரரின் இடம்

இக்கதையில் நமக்கு முக்கியமானவர் பாலின்ரோப் கடைக்காரர். அவர் ஏன் விவசாயிகளின் பக்கம் நின்றார்? அயர்லாந்தின் சிற்றூர்க் கடைகள் அன்று பெரும்பாலும் கடன் வியாபாரத்தில்தான் ஓடின. விவசாயி அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் இருந்ததையெல்லாம் நிலக்கிழார் வாரமாக வாங்கிக்கொண்டால், கடைப் பாக்கி எங்கிருந்து வரும்? வாடிக்கையாளரை நிலத்தைவிட்டு விரட்டிவிட்டால், பேரேட்டில் எழுதிய பற்று அத்தனையும் வாராக்கடன். சிற்றூர்க் கடைக்காரர்கள் பலர் நிலச் சங்கத்தில் முன்னணியில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நாள் கடன் எழுதும் நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாய்காட் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதம் 1880 அக்டோபரில் வெளிவந்தது. தம் வீட்டுக்குச் சரக்கு கொடுக்கக்கூடாது என்று கடைக்காரர்கள் எச்சரிக்கப்பட்டதாக அதில் அவர் புகார் சொல்லியிருந்தார். ஆக, மனம் ஒப்பிக் கொடுக்காதவரும் உண்டு, பயந்து கொடுக்காதவரும் உண்டு. இச்சொல் பிறந்த நாளிலேயே இந்த இரண்டும் கூடவே பிறந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதே இடத்துக்குத்தான் திரும்பி வருவோம்.

பெயர் எப்படிச் சொல்லானது?

இப்படி ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. படிக்காத விவசாயிக்கு அது வாயில் நுழையாதே என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் கவலைப்பட்டாராம். அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமேலி சற்று யோசித்து, “பாய்காட் செய்வது என்றே வைத்துக்கொள்வோமே” என்றாராம். இது ரெட்பாத்தே எழுதிவைத்த செய்தி. அந்த ஆண்டு முடிவதற்குள் சொல் லண்டன் பத்திரிகைகளில் ஏறிவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்கும் போனது. பாய்காட் 1897ல் காலமானார். ஆள் போனார், பெயர் நின்றது.

நம் நாட்டில்

1905 ஆகஸ்டு 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம், வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆங்கிலேயச் சரக்குகளைப் பாய்காட் செய்யத் தீர்மானித்தது. தமிழில் இது ‘பகிஷ்காரம்’ என்று வழங்கியது. வேண்டாம் என்று விட்டால் போதாது, மாற்றுச் சரக்கு வேண்டும் என்பதை அந்தக் காலத்துத் தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் பகிஷ்காரத்தோடு சுதேசியும் சேர்ந்தே வந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்த நோக்கத்தோடுதான். ஏற ஒரு கப்பல் இருந்தால்தானே வெள்ளையர் கப்பலில் ஏறாதே என்று சொல்ல முடியும்!

இன்று நாம் எழுதும் சொல் ‘புறக்கணிப்பு’. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளிலோ வேலைநிறுத்தத்தைப் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்று எழுதுகிறார்கள். அங்கே பழைய சொல் வேறொரு வேலைக்குப் போய்விட்டது.

எதற்கு எந்தச் சொல்?

புறக்கணிப்பு (பாய்காட்): ஒருவரோடு அல்லது ஒரு சரக்கோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது. கடை திறந்திருக்கும். அந்தச் சரக்கு மட்டும் இருக்காது.

வேலைநிறுத்தம் (ஸ்டிரைக்): கூலிக்கு வேலை செய்பவர் வேலையை நிறுத்துவது.

கதவடைப்பு (லாக் அவுட்): முதலாளி தம் தொழிற்கூடத்தை மூடித் தொழிலாளரை உள்ளே விடாமலிருப்பது. நாம் ஒருநாள் கடையடைப்பதற்கு இச்சொல்லைப் போடுவது தவறு.

கடையடைப்பு (ஹர்த்தால்): வணிகர் தாமாகக் கடையை மூடி எதிர்ப்பைத் தெரிவிப்பது. ஹர்த்தால் குஜராத்திச் சொல். கடை என்பதும் பூட்டு என்பதும் சேர்ந்து உண்டானது. நமக்கே உரிய சொல் என்று சொல்லலாம்.

முழு அடைப்பு (பந்த்): எல்லாரையும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது. விருப்பமில்லாதவரையும் கட்டாயப்படுத்துவதால் இது சட்டவிரோதம் என்று 1997ல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மறியல் (பிக்கெட்டிங்): வாசலில் நின்று, வருபவரை உள்ளே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

ஒரு நல்ல உதாரணம் சொல்லலாம். 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, பெப்சி, கோக் பானங்களை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. கடைகள் திறந்தே இருந்தன. பல கடைகளில் அந்தப் பாட்டில்கள் நின்ற இடத்தில் உள்ளூர்ப் பானங்கள் நின்றன. பாய்காட் என்ற சொல் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

எல்லை எங்கே?

ஒரு கடைக்காரர் தம் கணக்கைப் பார்த்து, “இந்தச் சரக்கில் லாபம் இல்லை, இனி வாங்கமாட்டேன்” என்பது அவருடைய முடிவு. ஒரே தொழில் செய்பவர்கள் சங்கமாகக் கூடி, “இன்னாருக்கு யாரும் சரக்கு கொடுக்கக்கூடாது, மீறினால் அபராதம்” என்று தீர்மானம் போட்டால் கதை வேறு. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சரக்கு வரத்தைக் கட்டுப்படுத்தும் அல்லது விலையை நிர்ணயிக்கும் சங்க முடிவுகளைப் போட்டிக்குக் கேடானவை என்றே முதலில் கொள்கிறது. இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு நம் தலையில் விழும். அபராதம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதலில் நூற்றுக்கு 10 வரை போகலாம். புதிய ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கத் தங்கள் ஒப்புதல் வேண்டும் என்று கம்பெனிகளை நிர்ப்பந்தித்ததற்காக, 2013ல் அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்தின்மீது போட்டி ஆணையம் அபராதம் விதித்தது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, இதைவிடப் பெரிது. ஊர்ப் பெரியவர்கள் வந்து, “அந்தத் தெருக்காரருக்கு அரிசி, எண்ணெய் கொடுக்காதே” என்று கடைக்காரரிடம் சொல்வது கிராமங்களில் நடந்திருக்கிறது. அதற்கு ஊர்க்கட்டுப்பாடு என்று பெயர் சொல்வார்கள். தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அத்துடன் அபராதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்பதாக மிரட்டுவதும் வன்கொடுமை என்று 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் சொல்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. ஊர் சொன்னதால் செய்தேன் என்பது கடைக்காரரைக் காப்பாற்றாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பசித்த பிள்ளைக்குப் பால் பவுடர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கை நம் கையாக இருக்கலாமா?

இரண்டுக்கும் வேறுபாடு தெரிய ஓர் எளிய கேள்வி போதும். என் கையை நானே நிறுத்துகிறேனா, அல்லது அடுத்தவர் கையை நான் பிடிக்கிறேனா? முன்னது பாய்காட். பின்னது கட்டாயம், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரி. பாலின்ரோப் கடைத்தெருவில் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் நடந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

அடுத்தமுறை தீர்மானம் எழுதும் செயலாளர்கள், “புறக்கணிக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை” என்று எழுதுமுன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துங்கள். சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கம்பெனியோடு நமக்குள்ள குறை என்ன என்பதை உறுப்பினர்களுக்கு விளக்கமாக எழுதுங்கள். வாங்குவதா, விடுவதா என்பதை அவரவர் கணக்கும் மனச்சாட்சியும் முடிவு செய்யட்டும்.