32 ஆயிரம் ஆட்டத்தில் டிமிக்கி கொடுத்த ஒரே ஆட்டம்!

பல பேர் பங்கு போட்டு ஆடியும் மசியாத 11982-ம் நம்பர்

மேனேஜர் தலை மறைந்ததும் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடியவர்கள் சென்னை ஆபீஸ்களில் ஒரு காலத்தில் ஏராளம். விண்டோஸ் வந்த கம்ப்யூட்டரில் எல்லாம் அந்தச் சீட்டாட்டமும் கூடவே வந்தது. "ஃப்ரீசெல்" என்று பெயர்.

பாதி ஆட்டத்தில் வழி அடைத்துக்கொள்ளும். நகர்த்த ஒரு சீட்டும் இருக்காது. உடனே என்ன சொல்வோம்?

"மாட்டிக்கிட்டேன்பா! இந்த ஆட்டம் வராது. வேற போடு!"

சரி, அந்த ஆட்டம் நிஜமாகவே வராதா? இல்லை, ஆடியவருக்குத்தான் வரவில்லையா?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண 1994-ம் ஆண்டு ஒரு கூட்டமே கிளம்பியது. அதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

ஒளிவு மறைவு இல்லை

ரம்மி மாதிரி சீட்டைக் கையில் மறைத்து ஆடும் ஆட்டம் இல்லை இது. 52 சீட்டும் முகம் தெரியக் கிடக்கும். மொத்தம் 8 வரிசை. நாலு வரிசையில் ஏழேழு சீட்டு. மற்ற நாலில் ஆறாறு.

வரிசையின் நுனியில் இருக்கும் சீட்டைத்தான் எடுக்கலாம். கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என்று இறங்கு வரிசையில் வைக்கலாம். அவசரத்துக்கு ஒதுக்கி வைக்க 4 காலி இடம் உண்டு. ஒரு இடத்துக்கு ஒரு சீட்டுதான். ஏஸ் முதல் ராஜா வரை இனம் இனமாக அடுக்கி விட்டால் ஜெயம்.

அமெரிக்காவைச் சேர்ந்த பால் அல்ஃபில் என்பவர் 1978-ல் இதைக் கம்ப்யூட்டருக்கு எழுதினார். பிறகு ஜிம் ஹார்ன் என்பவர் எழுதியதுதான் விண்டோஸ் மூலம் நம்ம ஊர் வரை வந்தது.

எல்லாச் சீட்டும் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. அப்புறம் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? ஆரம்பித்த பிறகு முழுக்க முழுக்க மூளைக்குத்தான் வேலை. பார்க்கப் போனால் இது சீட்டாட்டமே இல்லை. சீட்டு வேஷம் போட்ட கணக்கு!

நம்பர் சொன்னால் போதும்

இதில் இன்னொரு விசேஷம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. 1-ல் தொடங்கி 32 ஆயிரம் வரை.

சீட்டைக் கலைப்பதும் கணக்குதான். ஆட்டத்தின் நம்பரை 214013-ஆல் பெருக்கி, 2531011-ஐக் கூட்டும். வரும் விடையைக் கொண்டு முதல் சீட்டை எடுத்துப் போடும். அந்த விடையையே மறுபடி பெருக்கும், கூட்டும். அடுத்த சீட்டு விழும். இப்படியே 52-ம் விழுந்து விடும்.

ஆகவே சென்னையில் 617 என்று தட்டினாலும், சிகாகோவில் 617 என்று தட்டினாலும் ஒரே சீட்டுதான், ஒரே இடத்தில்தான் கிடக்கும். "எனக்கு இந்தப் புதிர் வரலை, நீ பார்க்கிறியா?" என்று கேட்கப் படம் வரைந்து அனுப்ப வேண்டாம். நம்பரைச் சொன்னால் தீர்ந்தது.

நூறு நூறாகப் பங்கு

எல்லா ஆட்டமும் ஜெயிக்கக் கூடியதுதான் என்று நம்பப்படுவதாக ஆட்டத்தின் உதவிக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். நிரூபிக்கப்படவில்லை என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரி டேவ் ரிங் என்பவரை உறுத்தியது. 32 ஆயிரத்தையும் ஆடிப் பார்த்து விடுவது என்று 1994-ல் முடிவு கட்டினார்.

ஒரே ஆள் ஆடினால் என்ன ஆகும்? தினம் 10 ஆட்டம் என்று வைத்துக் கொண்டாலும் 3 ஆயிரத்து 200 நாள். அதாவது எட்டே முக்கால் வருஷம்! லீவு கிடையாது, தீபாவளி கிடையாது.

அதனால் இணையத்தில் ஆட்கள் திரட்டினார். முன்பின் பார்த்திராத ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு நூறு ஆட்டமாகப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் "என்னால் முடியலை" என்று திருப்பிக் கொடுத்ததை இன்னொருவரிடம் தள்ளினார். அவரும் கையை விரித்தால் அடுத்தவர்.

இங்கேதான் வேடிக்கை. ஒருவர் மண்டையைப் பிய்த்துக் கொண்ட ஆட்டம் இன்னொருவர் கையில் முடிந்து போனது. ஆட்டத்தில் கோளாறு இல்லை. முதல் ஆள் அந்த வழியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1995-ல் கணக்குப் பார்த்தார்கள். 31 ஆயிரத்து 999 ஆட்டம் முடிந்திருந்தது. ஒன்று மட்டும் யாருக்கும் மசியவில்லை.

நம்பர் 11982!

சிறையில் ஏஸ்கள்

அப்படி என்ன அந்த ஆட்டத்தில்? விரித்துப் பார்த்தாலே பகீர் என்கிறது.

அடுக்கத் தொடங்க முதலில் ஏஸ் வேண்டும். ஆட்டின் ஏஸ், இஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ் மூன்றும் ஆளுக்கொரு வரிசையில் அடியோடு அடியாகப் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஆறு சீட்டு! மிச்சம் இருப்பது டைமன் ஏஸ். அதன் மேலும் நாலு சீட்டு. ஒதுக்கி வைக்க இருப்பதோ நாலே இடம்.

கம்ப்யூட்டரும் கைவிரித்தது

"இத்தனை பேர் தோற்றார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது!

ஒரு ஆட்டம் முடியும் என்று காட்ட ஒரே ஒரு வழி போதும். ஒருவர் ஒரு தடவை ஜெயித்தால் கேஸ் முடிந்தது. முடியாது என்று சொல்வதற்குத்தான் பாடு அதிகம். இருக்கிற அத்தனை வழியிலும் போய், அத்தனையும் முட்டுச்சந்து என்று பார்த்து வர வேண்டும். ஆயிரம் பேர் தோற்றாலும் ஆயிரத்து ஒன்றாவது ஆள் ஜெயிக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக எழுதிய புரோகிராம்கள் ஒரு சந்து விடாமல் தேடின. எல்லாம் சொன்ன பதில் ஒன்றுதான்: "வழி இல்லை."

உதவிக் குறிப்பின் நம்பிக்கை ஒரே ஒரு ஆட்டத்தில் பொய்த்துப் போனது!

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஆட்டத்தின் எண்ணிக்கையை 10 லட்சமாக உயர்த்தியது. அதிலும் முடியாத ஆட்டம் எட்டே எட்டுதான். அந்த எட்டில் நம்ம 11982-ம் ஒன்று.

பக்கத்து சீட்டைக் கேளுங்கள்

கணக்கு வரவில்லை என்று நோட்டை மூடும் பையனும், ஆட்டம் வராது என்று கலைத்துப் போடும் அப்பாவும் சொல்வது ஒரே வார்த்தைதான். "எனக்கு வரலை" என்பது வேறு. "வராது" என்பது வேறு. இரண்டுக்கும் நடுவே 31 ஆயிரத்து 999 ஆட்டம் இருக்கிறது.

இன்றும் பல ஃப்ரீசெல் புரோகிராம்களில் அதே நம்பர் வரிசைதான். அடுத்த தடவை மாட்டிக் கொண்டால் கலைக்கும் முன் நம்பரைப் பாருங்கள்.

11982 என்று இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். அந்த 32 ஆயிரத்தில் வேறு எந்த நம்பராக இருந்தாலும், பக்கத்து சீட்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்கு வழி தெரியலாம்!