கடலைத் தாண்டிய மஞ்சள் மூட்டை!

கடத்தல் என்றதும் தங்கம் நினைவுக்கு வரும். மஞ்சளைக் கடத்தினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? குழம்புக்குப் போடுகிறோமே, அதே மஞ்சள்தான்!

ராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைகளில் 2020-ம் ஆண்டு மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. போக இருந்த இடம் இலங்கை.

காரணம் என்ன?

2019-ம் ஆண்டு டிசம்பரில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. உள்நாட்டு விவசாயி பிழைக்க வேண்டும், அன்னியச் செலாவணி மிச்சமாக வேண்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் மஞ்சளை நட்டால் கிழங்கு வெட்ட 8, 9 மாதம் ஆகும். குழம்புச் சட்டி அதுவரை காத்திருக்குமா? அந்த நேரம் பார்த்துக் கொரோனாவும் வந்தது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று நம்பி, ஜனங்கள் முன்பைவிட அதிகமாக வாங்கினார்கள்.

விலை ஏறியது. ஈரோட்டுச் சந்தையில் அப்போது கிலோ சுமார் 60 ரூபாய். இலங்கைப் பணத்தில் 150 ரூபாய். அங்கேயோ பல ஆயிரம் ரூபாய்!

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். இடையிடையே மணல் திட்டுகள். ஓர் இரவில் போய்த் திரும்பிவிடலாம்.

படகில் ஏறுவது யார்?

மூட்டைக்குச் சொந்தக்காரன் ஏறுவதில்லை. கடல் வழி தெரிந்த கூலிக்காரன்தான் ஏறுகிறான். எல்லா மீனவரும் இப்படி அல்ல. பெரும்பாலோர் வலையை நம்பியே வாழ்கிறார்கள். ஆனால் வலை எப்போதும் சோறு போடுவதில்லை. டீசல் செலவு போக மிஞ்சினால்தான் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும். வட்டிக்காரனோ வாசலில் நிற்பான்.

அப்போது ஒருவன் வருகிறான். "ஒரே ஒரு நடை. கை நிறையப் பணம்" என்கிறான். அடுப்பு எரியாத வீட்டுக்காரன் என்ன செய்வான்?

போன படகு வெறுமனே திரும்புமா? அங்கிருந்து தங்கம் வரும். 2022 ஜூலையில் இந்தியா தங்க இறக்குமதி வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. மறு ஆண்டு மண்டபம் அருகே, கடலோரக் காவல் படையைக் கண்டதும் கடத்தல்காரர்கள் தங்கத்தைக் கடலில் வீசினார்கள். முக்குளிப்போர் இறங்கி எடுத்தார்கள்! 2024 ஜூலையில் வரி 6 சதவீதமாகக் குறைந்தது. கடத்துகிறவனின் லாபமும் அந்த அளவுக்குச் சுருங்கியது.

பிடிபட்டால் 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி சரக்கும் போகும், படகும் போகும். ஆள் சிறைக்குப் போவான். கரையில் இருந்து அனுப்பியவனைக் கண்டுபிடிப்பது லேசல்ல. கூலிக்காரன் மனைவி கருவாடு விற்று வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டியதுதான்.