கங்குச் சட்டியும் சாத்திய ஜன்னலும்

டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழும். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் அடுப்புக் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள். காய்வதில் தவறில்லை. ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு அப்படியே தூங்குவதுதான் ஆபத்து. கொடைக்கானல் பக்கம் சுற்றுலா வந்தவர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்து, காலையில் எழாமலே போனதும் உண்டு.

புகை அடங்கி, கங்கு சிவந்துவிட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காற்றுப் போதாமல் கனியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும்; காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த அறிகுறியும் தெரியாது.

மூக்குக்குத் தெரியாததை அலாரம் கண்டுபிடிக்கும். இங்கிலாந்தில் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். 2022 அக்டோபர் 1 முதல், கேஸ் சமையல் அடுப்பு தவிர, எரிபொருளில் இயங்கும் நிலையான சாதனம் உள்ள அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். பொறுப்பு வீட்டுக்காரருடையது, தவறினால் 5,000 பவுண்டு வரை அபராதம்.

மலையில் தோட்டத்து வீட்டை வாடகைக்கு விடும் விவசாயிகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது, இதற்கென்று தனி அலாரம் வேண்டும். இ.என். 50291 என்ற ஐரோப்பியத் தர எண் உள்ளதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு வாயு சேர்ந்தால் 3 நிமிடத்துக்குள் அலாரம் ஒலிக்க வேண்டும். படுக்கும் அறையில், தலை வைக்கும் உயரத்துக்கு வைக்கலாம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். உணரிக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி கருவியிலேயே இருக்கும்.

அலாரம் இருக்கிறதே என்று கங்கை உள்ளே வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்துவிடலாம். அலாரம் ஒலித்தால் சட்டியை அணைத்துக்கொண்டு நிற்காமல், குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.